இறந்தவர் சொல்லும் இருப்பவர் சொல்லும்

மருத்துவம் என்றால் நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. ஒருவர் இறந்த பிறகு அவருடைய உடலைப் பற்றி முடிவு செய்யும் உரிமை யாருக்கு? உயிரோடு இருந்தபோது தம் விருப்பத்தைச் சொல்லிச் சென்றவருக்கா, அவரை இழந்து நிற்கும் குடும்பத்துக்கா?

நம் ஜோகூர் மாநிலத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். பத்து பகாட்டைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, இதயம் பழுதுபட்டு, கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் ஏறக்குறைய ஓர் ஆண்டு காத்திருந்தாள். அவள் இதயம் செய்ய வேண்டிய வேலையை ஓர் இயந்திரம் செய்து வந்தது. 2007 அக்டோபர் முதல் வாரத்தில், பேராக்கில் விபத்துக்குள்ளான ஒரு மலாய்ச் சிறுவனின் இதயம் அவளுக்குப் பொருத்தப்பட்டது. அந்த இதயம் அவள் உடலில் நிலைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் ஜோகூரைச் சேர்ந்த ஒரு சீன இளைஞரின் இதயம் கிடைத்தது. மறுபடியும் அறுவை சிகிச்சை நடந்தது. அவள் பிழைத்தாள்.

அந்த வாரம் நாடே இதைப் பேசியது. இன வேறுபாடு பாராத ஈகை என்று பாராட்டினோம், அது உண்மைதான். ஆனால் அந்தப் பேராக் குடும்பத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். மகனைப் பறிகொடுத்த நிலையில் அவன் இதயத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் நாளேடுகளில் வந்தது. அந்த இதயம் ஏற்கவில்லை என்ற செய்தியும் அதே நாளேடுகளில் வந்தது. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இருப்பது நல்லது என்று பல நாட்டு மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இங்கே விளங்குகிறது. அக்குடும்பம் செய்தது சரியான செயல். சிகிச்சையின் முடிவைக் கொண்டு அதை அளக்கக் கூடாது.

இனி சட்டத்துக்கு வருவோம். மலேசியாவில் இதற்கென உள்ளது 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம். ஒருவர் எழுத்து மூலமாகவோ, கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் வாய்மொழியாகவோ தம் விருப்பத்தைத் தெரிவித்திருந்தால், இறந்தபின் அவருடைய உறுப்புகளை எடுக்க அனுமதி தரலாம் என்கிறது அச்சட்டம். அப்படி ஒன்றும் சொல்லாமல் இறந்திருந்தால், அவர் எதிர்ப்புத் தெரிவித்ததில்லை என்பதையும் நெருங்கிய உறவினரின் சம்மதத்தையும் கேட்டறிய வேண்டும். ஏட்டில் உள்ள நிலை இது. நடைமுறையிலோ, உறுதிமொழி கொடுத்தவராக இருந்தாலும் குடும்பத்தாரைக் கேட்காமல் மருத்துவர்கள் கத்தியை எடுப்பதில்லை. குடும்பம் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. இறந்தவர் சொல்லுக்கு மேல் இருப்பவர் சொல் நிற்கிறது.

இது நியாயமா? சட்டென்று பதில் சொல்ல முடியாது. மூளைச் சாவு என்பதை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. மூச்சு நின்றது, நாடி அடங்கியது என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சாவைச் சொல்லி வந்திருக்கிறோம். 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் பர்னார்ட் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மூளை முழுவதும் மீளாதபடி செயலிழந்தால் அதையே மரணமாகக் கொள்ளலாம் என்றது. உறுப்பு மாற்றுக் குழுவில் சேராத இரண்டு நிபுணர்கள் தனித்தனியே சோதித்துத்தான் இங்கு அதை உறுதி செய்கிறார்கள். ஆயினும் சுவாசக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. கை சூடாக இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாயிடம் 'உங்கள் மகன் இறந்துவிட்டான், இதயத்தைத் தருவீர்களா?' என்று கேட்கிறார்கள். அவள் எப்படி நம்புவாள்? வராந்தாவில் நிற்கும் பெரியப்பா, உடம்பை முழுதாகக் கொண்டுபோய்த் தகனம் செய்ய வேண்டும் என்கிறார். அவரை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது. உடலைக் கண்ணியமாக வழியனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அறியாமையாகாது. உறுப்பை எடுத்தபின் மற்ற அறுவை சிகிச்சைகளைப் போலவே தைத்து ஒழுங்காக ஒப்படைப்பார்கள் என்பதை அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சமயம் தடையாக நிற்கிறது என்பாரும் உண்டு. மலேசியாவில் இஸ்லாமியச் சமய அறிஞர்கள் 1970லேயே கண், இதய மாற்றுக்கு அனுமதி வழங்கிவிட்டார்கள். நம்மவர் மேடைகளில் கண்ணப்ப நாயனாரைக் காட்டுவது வழக்கம். பொருத்தமான கதைதான்; ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணப்பர் கொடுத்தது தம் கண். பிறர் கண்ணைப் பற்றி அவர் முடிவு செய்யவில்லை. அந்தக் கதையை உறுப்பு தானத்துக்குச் சான்று காட்டுகிறவர்கள், கொடுப்பவர் விருப்பமே முதன்மை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே நம் கருத்து இது. உயிரோடு இருந்தபோது தெளிந்த மனத்தோடு ஒருவர் சொன்ன சொல்லுக்கு, துயரத்தின் நடுவே ஒரு மணி நேரத்தில் எடுக்கும் முடிவைவிட மதிப்பு அதிகம். ஆனால் குடும்பத்தை மீறி மருத்துவமனை அதை நிறைவேற்றினால் மக்கள் நம்பிக்கை போய்விடும். அடுத்தவர் உறுதிமொழி கொடுக்கவே அஞ்சுவார். இந்த இக்கட்டைச் சட்டத்தால் மட்டும் தீர்க்க இயலாது.

கொடுத்த உறுப்பு யாருக்குப் போக வேண்டும் என்பது அடுத்த சிக்கல். அதிலும் இப்போது கணிப்பொறி நுழைந்துவிட்டது. பிரிட்டனில் 2018ஆம் ஆண்டு முதல் கல்லீரலுக்குக் காத்திருப்போருக்கு ஒரு கணக்கு மதிப்பெண் போடுகிறது. மாற்றுக் கல்லீரலால் ஐந்தாண்டுக்குள் கூடும் வாழ்நாளை அது பார்க்கிறது. ஐந்தாண்டுக்குப் பின் நாற்பது ஆண்டு வாழக்கூடிய இளைஞருக்கு அதனால் தனிப் பயன் இல்லை. இளையோர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று குறை எழுந்தது. கணக்கில் பிழையில்லை, எதை எண்ணுவது என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள். செயற்கை அறிவு பற்றிய நெறிமுறைகளை நம் அரசு 2024இல் வெளியிட்டது. கூலாய்ப் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்திருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அது எதைக் கணக்கிடுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உறுப்பு தான உறுதிமொழியை மைசெஜாத்ரா செயலி வழியாகவும் பதிவு செய்யலாம். மனம் மாறினால் விலக்கிக்கொள்ளலாம். பதிவு செய்கிறவர்கள் அதை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும். கொடுக்க விருப்பமில்லை என்றாலும் சொல்லிவிடலாம். அதுவும் ஒருவர் விருப்பம்தான். சாப்பாட்டு நேரத்தில் இதையா பேசுவது என்று அம்மா கடிந்துகொள்வார். கடிந்துகொண்டாலும் காதில் விழுந்திருக்கும்.