பொடியா, விழுதா? – பேட்டண்டும் நம் பாட்டிமார் பேச்சும்

(பிரிக்பீல்ட்ஸ் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)

 

காப்புரிமை, அதாவது பேட்டண்ட் என்றதும், "அது கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைப்பீர்கள். பேட்டண்ட் என்பது கடைசியில் தாளில் எழுதிய சில வாக்கியங்கள்தான். அதில் உள்ள சொல்லுக்கு என்ன பொருள் என்பதை வைத்தே எது ஒருவனுக்குச் சொந்தம், எது ஊருக்குப் பொது என்று முடிவாகிறது. ஆகவே கேள்வி இதுதான்: அந்தப் பொருளை யார் சொல்வது?

இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கதவு, சன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் இரும்பு லிண்டலுக்கு கேட்னிக் என்ற நிறுவனம் பேட்டண்ட் வைத்திருந்தது. பின்தகடு "செங்குத்தாக" இருக்கும் என்பது அதிலுள்ள சொல். போட்டி நிறுவனம் தகட்டை 6 பாகை, 8 பாகை சாய்த்துச் செய்துவிட்டு, "எங்களுடையது செங்குத்தே அல்ல" என்று வாதாடியது. 1980இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. அகராதியைப் பார்க்காதே, அந்தத் தொழிலில் உள்ளவன் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வான் என்று பார், இதுவே டிப்லாக் பிரபு தந்த தீர்ப்பின் சாரம். மலேசிய நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றியிருக்கின்றன. கட்டுமான வேலை செய்யும் அண்ணன்மார்களே, சட்டம் உங்கள் பேச்சைக் கேட்ட இடம் இது!

இனி மஞ்சளுக்கு வருவோம். 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள்பொடியால் காயம் ஆற்றும் முறைக்கு பேட்டண்ட் கிடைத்தது. கண்டுபிடித்ததாகப் பெயர் போட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர். (அவர்கள் வீட்டில் பாட்டி இல்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.) அது எப்படி "புதியது" ஆனது? அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் வழங்கும் அறிவு அச்சில் இருந்தால்தான் கணக்கு. கோடிப் பேர் வாயால் சொன்னாலும், கையால் பூசினாலும் அது "தெரிந்தது" ஆகாது. 2013இல்தான் அந்தச் சட்டம் மாறியது.

இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடியது. 32 ஆதாரங்கள் கொடுத்தது. சமஸ்கிருதம், இந்தி, உருது நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அப்போது எதிர்த்தரப்பு சொன்ன பதிலைக் கேளுங்கள்: பழைய நூல்கள் சொல்வது விழுது, நாங்கள் சொல்வது பொடி, இரண்டும் உடம்பில் வேறுவேறாக வேலை செய்யும். நம் பாட்டி "மஞ்சள் வை" என்றால் பொடியும் அடங்கும், குழைத்ததும் அடங்கும். கேட்டவளுக்கு எது என்று தெரியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பிடித்தால், பொடிக்கும் விழுதுக்கும் நடுவே வேலி போடலாம். அந்த வாதம் எடுபடவில்லை. 1997இல் அமெரிக்க பேட்டண்ட் அலுவலகம் அந்த உரிமைகளை நிராகரித்தது. ஆனால் வாதாட ஓர் அரசு நிறுவனம் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்?

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் மேல். 1983ஆம் ஆண்டு பேட்டண்ட் சட்டத்தின் 14ஆம் பிரிவு, உலகில் எங்கேனும் எழுத்தாலோ, வாய்மொழியாலோ, பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு வெளியானது எதுவும் புதியதல்ல என்கிறது. வாய்மொழி என்று சட்டத்திலேயே இருக்கிறது! தோட்டத்து லயன் வீட்டில் பிரசவம் பார்த்த அம்மா சொன்னதும் அதில் சேரும். சிக்கல், அதை நிரூபிப்பதில். தோட்டங்களைத் துண்டாடினார்கள், சனம் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் சிதறியது, சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எழுதி வெளியிட்டால் அது நம் சொத்தாகிவிடாது. பிறகு வருகிறவன் அதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாமல் போகும், அவ்வளவே. வெளியிடும் முன் சொன்னவரின் சம்மதம் கேளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் உட்காருங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தேதி, தோட்டத்தின் பெயர், யாரிடம் கற்றது, எந்த நோய்க்கு, எவ்வளவு. "மஞ்சள்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பொடியா, விழுதா, எண்ணெயில் காய்ச்சியதா என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.