யோபின் கதை கேட்ட நீலகண்டர்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாடு மடிவதும் பயிர் கருகுவதும் இராஜபாளையத்தார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூரார்க்கும் புதிய செய்தியல்ல. மேற்கு மலையில் மேகம் கூடுமோவென நோக்கியிருந்து, கண்மாய் நிறையாத ஆண்டில் விதைநெல்லையும் உண்டு தீர்த்தவர் நம் முன்னோர். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் பெயரை நாம் இன்றும் கேட்கிறோம். இடர் வந்துழியெல்லாம் மாந்தர் வாயினின்று எழும் வினா ஒன்றே: "நாம் என்ன பிழை செய்தோம்?"

இவ்வினா நெஞ்சை அறுக்க நின்ற ஒருவரைப்பற்றி இன்று பேசக் கருதினோம். அவர் நமக்குத் தெற்கே, குமரி நாட்டு நட்டாலத்தில், 1712இல் பிறந்த நீலகண்டர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் பத்மநாபபுரத்து அரண்மனையில் அலுவல் பார்த்தவர். செல்வக்குடியினராகிய அவர்தம் கால்நடைகள் மடிந்தன. விளைவும் பொய்த்தது என்பது வரலாறு. வாடிய முகத்தைக் கண்டு காரணம் வினவியவர் டி லனாய் என்னும் ஐரோப்பியப் படைத்தலைவர். அவரும் துன்பம் அறியாதவரல்லர். 1741இல் குளச்சற் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னர்க்கே படை பயிற்றியவர். அவர் நீலகண்டர்க்கு விவிலியத்து யோபின் சரித்திரத்தை எடுத்துரைத்தார்.

யோபு 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் 500 ஏர் மாடுகளும் உடையவர். அவற்றோடு மக்கள் பதின்மரையும் ஒரே நாளில் இழந்தார். உடலெங்கும் புண். நண்பர் மூவர் வந்து, பாவம் செய்திருப்பாய், அதனாலேயே இது வந்தது என்றனர். துக்கங் கேட்க வருவோருட் சிலர் நம்மூரிலும் பேசுவது இவ்வாறே! யோபு அதனை ஒப்பவில்லை, கடவுளை விட்டு நீங்கவுமில்லை, வாய் மூடியிருக்கவுமில்லை. தாம் பிறந்த நாளைச் சபித்தார்; கடவுளையே வழக்கிற்கு அழைத்தார். சூறைக்காற்றினின்று பேசிய கடவுள் அவரை அடக்கினாரேனும், தம்மைப்பற்றிச் சரியாகப் பேசியவர் அந்நண்பரல்லர், யோபே என்றார்.

திருவள்ளுவர் இடுக்கணழியாமை என ஓரதிகாரமே வகுத்து, இடர் வருங்கால் நகைக்கச் சொன்னார். யோபு நகைக்கவில்லை, அழுதார். இதனை நம்பிக்கைக் குறைவெனச் சிலர் கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் நமக்கு இதனை விரிக்கவும் வேண்டுமோ? ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மேகத்தையும் குயிலையும் வேண்டி, வாராத பெருமானோடு புலந்து பேசியதை அறிவோம். உறவல்லாதாரோடு யார் ஊடுவர்?

யோபு இழந்த செல்வம் முடிவில் இருமடங்காகத் திரும்பிற்று. நீலகண்டர்க்கோ? 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் பொருளையே தமிழாக்கித் தேவசகாயம் எனப் பெயரிட்டனர். மனைவியார் பார்கவியம்மாளும் ஞானப்பூ ஆனார். இருமடங்கு வரவில்லை, இருந்ததும் போயிற்று. 1749இல் அரச துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டார். எருமைமேலேற்றி ஊரூராகக் கொணர்ந்தனர் என்பர். புண்ணில் மிளகாய் தேய்த்தனர் என்பர். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தனர். அவரைப்பற்றி வழங்கும் அற்புதங்கள் பல. அவற்றை இங்கு விடுத்தோம். யாதொன்றும் கைம்மாறாகப் பெறாது மூன்றாண்டு நிலைநின்றதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மற்றொன்று. 2022 மே 15இல் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார். அதற்கு முன்னரே, அவர் பெயரோடு வழங்கிய 'பிள்ளை' என்னும் குலப்பெயரைத் திருச்சபையார் நீக்கினர். தாழ்ந்தவரென ஒதுக்கப்பட்டாரோடு அவர் வேறுபாடின்றிப் பழகியதும் உயர்குலத்தார் சினத்திற்கு ஒரு காரணம் என்பர். குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. இடர்க்காலத்தில் நம்மவர்க்கு நம்மவரே துணையென்று கருதிச் சங்கம் கண்டோம், நன்றே. தேவசகாயத்திற்கோ அத்துணையே முதலில் அறுந்தது.

ஞானப்பூவம்மையாரைப்பற்றி நூல்கள் பேசுவது குறைவு. யோபின் மனைவி, கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப்போம் என்று கணவரிடம் சொன்னவள். இவ்வம்மையாரோ கணவர் மாண்டபின்னும் பிறந்தகம் புகாது, சுற்றத்தார் இல்லாத வடக்கன்குளத்திலேயே தங்கி, அங்கேயே அடங்கினார் என்பர்.