உப்பூற்றில் சரணடைந்தவர்கள்: டேனியல் பூனும் கென்டக்கிக் குடிப்படையும்

   

வினா

நான் எதைப் பேசப்போகிறேன் என்பது முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்க எல்லைப்புறக் குடியேறியை எப்படிப் படிப்பது என்பதில் நம் துறை நெடுநாளாக இரண்டு கட்சியாக நிற்கிறது. ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிக்காகோவில் படித்த கட்டுரையின் வழிவந்தவர்கள் ஒரு கட்சி. காடு மனிதனைத் தனியனாக்கியது, அந்தத் தனியனிடமிருந்துதான் அமெரிக்க ஜனநாயகம் பிறந்தது என்பார்கள். மற்றக் கட்சியினர், குடியேறி நில வியாபாரிகளின் கையாள் என்பார்கள். செரோக்கியரிடமிருந்து 1775இல் நிலம் வாங்கிய ரிச்சர்ட் ஹெண்டர்சனின் டிரான்சில்வேனியா கம்பெனியைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தக் கம்பெனிக்காகக் கம்பர்லாந்துக் கணவாய் வழியே ஏறத்தாழ முப்பது பேருடன் காடு வெட்டிப் பாதை போட்டவர் பூன் என்பதும் உண்மைதான்.

இரு கட்சியும் பேசுவது தனி ஒருவனைப் பற்றி. நான் சொல்வது வேறு. எல்லைப்புறத்தான் ஒரு நாளும் தனியனாக இருந்ததில்லை. அவன் ஒரு குடிப்படையின் பெயர்ப்பட்டியலில் இருந்த ஆள். அப்போது கென்டக்கியையும் உள்ளடக்கிய வர்ஜீனியாவின் 1777ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 முதல் 50 வயது வரையுள்ள சுதந்திர ஆண்கள் அனைவரும் அந்தப் படையில் சேரவேண்டும். பக்கத்து வீட்டுக்காரனும் மைத்துனனும் மருமகனுமே அவனுடைய படை. அவனுக்குத் துணிவு தந்ததும் நீதி வழங்கியதும் அந்தப் பட்டியல்தான். பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது எதையும் தரவில்லை. ஜனநாயகப் பள்ளி என்று குடிப்படையைப் புகழும் நண்பர்களோடு என் சண்டை இந்த இடத்தில்தான். 1778 பிப்ரவரியை எடுத்துக்கொண்டு அதை இன்று தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

உப்பு

பூன் 1734இல் பென்சில்வேனியாவின் ஓலி பள்ளத்தாக்கில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். வட கரோலினாவின் யாட்கின் கரையில் வளர்ந்து, ரெபெக்கா பிரயனை 1756இல் மணந்து, பத்துப் பிள்ளைகளுக்குத் தந்தையானார். கென்டக்கியில் குடியேற 1773இல் எடுத்த முதல் முயற்சியிலேயே மூத்த மகன் ஜேம்ஸைப் பறிகொடுத்தார். இவை நீங்கள் அறிந்தவை. 1778 தொடங்கும்போது அவர் கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ என்ற மரக்கோட்டையில் குடிப்படைத் தளபதிகளில் ஒருவர்.

அந்தக் கோட்டைக்குள் அப்போது உப்பு இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று நம் நூல்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. முந்தைய ஆண்டு முழுவதும் ஷானிப் பழங்குடி மக்களின் தாக்குதல். கோட்டைக்கு வெளியே சோளம் விதைத்துக் காப்பாற்ற வழியில்லை. கால்நடைகள் போய்விட்டன. வேட்டையாடிய எருமை, மான் இறைச்சியே உணவு. இறைச்சியை உப்புக்கண்டம் போட்டு வைத்தால்தான் அடுத்த மாதம் சோறு. உப்பை அப்பலேச்சிய மலைக்கு அப்பால் இருந்து குதிரைமேல் கொண்டுவரும் நிலையும் இல்லை. வர்ஜீனியா அரசு அனுப்பியது உப்பு அன்று, உப்புக் காய்ச்சும் கொப்பரைகள். காய்ச்சுவது குடிப்படையின் பாடு.

ஆகவே ஜனவரியில் ஏறத்தாழ முப்பது பேர் லிக்கிங் ஆற்றங்கரையில் இருந்த ப்ளூ லிக்ஸ் உப்பூற்றுக்குப் போனார்கள். அந்த ஊற்றின் நீரில் உப்புச் செறிவு குறைவு. ஒரு மரக்கால் உப்புக்கு எத்தனையோ கொப்பரை நீரை வற்றக் காய்ச்சவேண்டும். இரவும் பகலும் விறகு வெட்டவேண்டும், புகையோ வெகுதூரத்துக்குத் தெரியும். எதிரியின் நாட்டருகே மாதக்கணக்கில் புகை மூட்டிக்கொண்டு இருக்கத் துணிந்தார்கள் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. ஷானி வீரர்கள் குளிர்காலத்தில் படையெடுப்பதில்லை.

அந்த ஆண்டு படையெடுத்தார்கள். காரணத்தை நம் பாடநூல்கள் வேறொரு அத்தியாயத்தில் வைத்திருக்கின்றன, நான் இங்கே கொண்டுவருகிறேன். 1777 நவம்பரில் ஒஹையோ ஆற்றங்கரையின் ராண்டால்ஃப் கோட்டையில் ஷானித் தலைவர் கார்ன்ஸ்டாக் பிணையாக வைக்கப்பட்டிருந்தார். தம் மக்கள் போருக்குச் சாய்கிறார்கள், தம்மால் தடுக்க முடியவில்லை என்று எச்சரிக்கத் தாமாக வந்தவர். வெளியே குடிப்படை வீரன் ஒருவன் கொல்லப்பட்டதும், அவனுடைய தோழர்கள் தளபதியின் பேச்சையும் மீறி உள்ளே புகுந்து கார்ன்ஸ்டாக்கையும் அவருடைய மகன் எலினிப்சிகோவையும் உடனிருந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். வர்ஜீனியா ஆளுநர் பேட்ரிக் ஹென்றி இதைக் கொலை என்றே கண்டித்துக் குற்றவாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்தச் செய்தார். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அனைவரும் விடுதலை. அந்தக் கொலைக்குப் பழிவாங்கவே பிளாக்ஃபிஷ் என்ற ஷானித் தலைவர் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுடன் உறைபனியில் பூன்ஸ்பரோவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 7 அன்று, உப்புக் காய்ச்சுவோருக்கு இறைச்சி தேடித் தனியே போயிருந்த பூன் பனிப்புயலில் அவர்களிடம் பிடிபட்டார். கோட்டை மோசமான நிலையில் இருப்பதும், உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருப்பதும் அவருக்குத் தெரியும். வழியில் இருப்பதோ உப்பூற்றுக்காரர்கள். அவர் பேரம் பேசினார். என் ஆட்களைச் சரணடையச் சொல்கிறேன், அவர்களைத் துன்புறுத்தக் கூடாது, கோட்டையை இப்போது தாக்கவேண்டாம், வெயில் வந்தபின் எல்லோரும் உங்களோடு வந்துவிடுவோம் என்றார். மறுநாள் இருபத்தாறோ இருபத்தேழோ பேர் ஒரு குண்டும் சுடாமல் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். பனியில் வட்டமாக உட்கார வைத்து அவர்களைக் கொல்வதா விடுவதா என்று ஷானி வீரர்கள் கூடிப் பேசினார்கள். பூனுக்கும் பேச இடம் கொடுத்தார்கள். அவர் பேச்சை மொழிபெயர்த்தவர் ஷானி மக்களோடு வாழ்ந்த பாம்பி என்ற கறுப்பர். கைதிகளில் ஒருவர் முதுமையில் சொன்னபடி கொல்ல 59 வாக்கு, விட 61 வாக்கு.

இனி நடந்தவற்றைச் சுருக்குகிறேன். சில்லிகாத்தியில் பிளாக்ஃபிஷ் பூனைத் தம் மகனாகத் தத்தெடுத்து ஷெல்டோவீ என்று பெயர் வைத்தார். டெட்ராய்ட்டில் பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி ஹாமில்டன் முன் பூன் நிறுத்தப்பட்டார். பெரும் படை கோட்டைமீது கிளம்புகிறது என்று அறிந்து ஜூனில் தப்பி, நான்கு நாளில் 160 மைல் கடந்து வந்து சேர்ந்தார். இறந்துவிட்டார் என்று எண்ணி ரெபெக்கா பிள்ளைகளுடன் கரோலினாவுக்குத் திரும்பியிருந்தார். மகள் ஜெமைமா மட்டும் கோட்டையில் இருந்தாள். செப்டம்பரில் பத்து நாளுக்கு மேல் முற்றுகை. கோட்டை நின்றது.

முற்றுகை முடிந்ததும் பூன்மீது படைநீதிமன்றம் கூடியது. குற்றம் சாட்டியவர்கள் குடிப்படை அதிகாரிகளான ரிச்சர்ட் கேலவே, பெஞ்சமின் லோகன். உப்பூற்றுக்காரர்களை ஒப்படைத்தார், டெட்ராய்ட்டில் கோட்டையையே தருவதாகச் சொன்னார், முற்றுகை வருமுன் ஆட்களை வெளியே கூட்டிப்போய்க் கோட்டையைப் பலவீனமாக்கினார், பேச்சுவார்த்தை என்று அதிகாரிகளைச் சுவருக்கு வெளியே கொண்டுபோனார் என்பவை குற்றச்சாட்டுகள். விசாரணைப் பதிவு கிடைக்கவில்லை. அங்கிருந்த டேனியல் ட்ரபியூ பல்லாண்டுக்குப் பின் எழுதிய நினைவுக்குறிப்பே நமக்கு ஆதாரம். எதிரியை ஏமாற்றவே அப்படிச் செய்தேன் என்றார் பூன். நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேஜராக உயர்த்தவும் செய்தது. கேலவேயும் லோகனும் மனம் ஆறவில்லை.

நம் நண்பர்கள் இங்கே நின்று, பூன் தந்திரக்காரரா துரோகியா என்று வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்கு முடிவே வராது, ஏனென்றால் அது ஒரு மனிதரின் உள்மனத்தைப் பற்றியது. அந்த வழக்கில் யார் யார் நின்றார்கள் என்று பாருங்கள். கேலவேக்கும் லோகனுக்கும் உடன்பிறந்தார் பிள்ளைகள் கைதிகளாக அப்போதும் ஷானி ஊர்களில் இருந்தார்கள். தீர்ப்புச் சொன்னவர்களும் அதே குடிப்படையின் ஆட்கள். ஒருவன் வீட்டுப் பிள்ளையைக் கொடுத்து இன்னொருவன் வீட்டாரைக் காப்பாற்றத் தளபதிக்கு உரிமை உண்டா என்பதே வழக்கு. அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கேட்ட கணக்கு அது. கடுமையான, மரியாதைக்குரிய கணக்கு என்றே நான் கருதுகிறேன்.

இப்போது ஓராண்டுக்குள் நடந்த இரண்டு விசாரணைகளையும் அருகருகே வையுங்கள். பிணையாக இருந்தவர்களைக் கொன்ற வழக்கில் குடிப்படையிலிருந்து ஒரு சாட்சி வரவில்லை. உயிர்களைக் காக்கச் சரணடைந்த வழக்கில் இரண்டு அதிகாரிகள் முன்வந்து வாதாடினார்கள். ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஒரே வகைப் படை. பெயர்ப்பட்டியலில் இருந்தவனுக்காக எழுந்த நீதி, கார்ன்ஸ்டாக்குக்காக எழவில்லை. குடிப்படையைப் பள்ளி என்று சொல்வோர், அது யாருக்குக் கதவடைத்தது என்பதையும் அதே வரியில் சொல்லவேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜான் ஃபில்சன் 1784இல் பூனின் வாயால் சொல்லப்பட்டதாக எழுதிய வரலாறுதான் அவரை உலகறியச் செய்தது. அதில் சரணடைந்தது இருக்கிறது, விசாரணை இல்லை. தனியன் என்ற உருவம் அங்கிருந்தே தொடங்குகிறது. ஃபில்சனை மட்டும் படித்துவிட்டு டர்னருக்குத் தாவினால் நடுவில் இந்த ஊர்க்கணக்கு முழுவதும் விடுபட்டுப்போகும்.

1782, அதே இடம்

1782 ஆகஸ்ட் 19 அன்று அதே ப்ளூ லிக்ஸ் அருகே குடிப்படை பதுங்கியிருந்த எதிரியிடம் சிக்கி ஏறத்தாழ எழுபது பேரை இழந்தது. கர்னல் ஜான் டாட் மாண்டார். பூனின் மகன் இஸ்ரேல் தந்தையின் அருகிலேயே விழுந்தான். பொறுத்திருக்கச் சொன்ன பூனின் பேச்சை மீறி, கோழை என்ற பழிக்கு அஞ்சிப் படை ஆற்றைக் கடந்தது. நான்காண்டுக்கு முன் சரணடைந்தவர் என்ற பேச்சு அங்கே அவருடைய சொல்லின் எடையைக் குறைத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆளுநர் பெஞ்சமின் ஹாரிசனுக்கு அந்த மாதமே பூன் எழுதிய கடிதத்தை இக்கோணத்தில் யாராவது படிக்கவேண்டும்.

நிலம்

வர்ஜீனியாவின் 1779 நிலச்சட்டம் முன்வந்து குடியேறியவனுக்கு 400 ஏக்கரும், ஒட்டிய 1,000 ஏக்கரில் முன்னுரிமையும் தந்தது. ஒரே நிலத்துக்குப் பல பத்திரம் எழுந்தது. பூன் வழக்குகளில் இழந்து 1799இல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மிசூரிக்குப் போனார். அங்கே கிடைத்த நிலமும் அமெரிக்க ஆட்சி வந்தபின் பறிபோய், 1814இல் காங்கிரசின் தயவில் ஒரு பகுதி திரும்பியது. இறந்தது 1820இல். கையாள் என்ற கட்சிக்கு இதுவே போதிய விடை, விரிக்க நேரமில்லை.

இனிச் செய்யவேண்டியவை

விஸ்கான்சினில் உள்ள லைமன் டிரேப்பரின் கையெழுத்துத் தொகுதிகள் நுண்படச்சுருளாகக் கிடைக்கின்றன. பூனின் மகன் நேதன் 1851இல் சொன்னவை அவற்றில் உள்ளன. 1832ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் முதிய வீரர்கள் மாவட்ட நீதிமன்றங்களில் கொடுத்த வாக்குமூலங்களில் குடிப்படையின் உறவுமுறை வரைபடமே இருக்கிறது, ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். பாம்பியைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். பூன்ஸ்பரோவில் அடிமையாக இருந்து வெடிமருந்து செய்த மங்க் எஸ்டிலைப் பற்றியும் எழுதவேண்டும். 1787இல் பூனிடமும் அடிமைகள் இருந்தார்கள், அதை அவருடைய குடிப்படைப் பதவியோடு சேர்த்துப் படிக்கவேண்டும். பெண்கள் இல்லாத முற்றுகை வரலாறு அரைகுறை; ஜெமைமாவிலிருந்து தொடங்கலாம். உப்பூற்றில் பிடிபட்டவர்களில் திரும்பி வராதவர்கள், ஷானி மக்களோடு தங்கிவிட்டவர்கள் யார் என்ற பட்டியலை யாராவது உடனே தொடங்குங்கள். என்னிடம் உள்ள குறிப்புகளைத் தருகிறேன்.