காசநோயும் கர்மபலனும்
(மேகமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த களைப்போடு, இந்தத் தூறலிலும் இவ்வளவு பேர் கூடியிருக்கிறீர்கள். ஆகவே அலங்காரமாகப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. க்ஷயம், காசம், டி.பி. என்றெல்லாம் சொல்லுகிறார்களே, அந்த வியாதியைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்லவே வந்தேன். நான் வைத்தியன் அல்ல. பெரிய படிப்புப் படித்தவனும் அல்ல. கிடைத்த புஸ்தகங்களையும் ஆராய்ச்சி அறிக்கைகளையும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டவன். ஆதலால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாதிக்கு நம் புராணக்காரர்கள் சொன்ன காரணம் என்ன? சந்திரனுக்கு 27 பெண்டாட்டிகளாம். அவர்களில் ரோகிணியிடம் மட்டும் அவனுக்குப் பிரியமாம். மற்றவர்கள் தகப்பனான தக்ஷனிடம் போய் அழ, அவன் மருமகனைத் தேய்ந்துபோகும்படி சபித்தானாம். இதுதான் க்ஷயரோகம் உண்டான கதை! 27 பெண்டாட்டி கட்டியவனுக்கு மாமனார் கொடுத்த வியாதி, ஒரு குடும்பத்துக்கே கூலி போதாத லயத்து ஆளுக்கு ஏன் வரவேண்டும்? கேட்டால், போன ஜென்மத்துக் கர்மம் என்பார்கள். கோடாங்கியைக் கேட்டால் உடுக்கையை அடித்து, காற்றுக்கருப்பு என்று சொல்லி ஒரு சேவலும் கேட்பான். சேவல் போய்விடும், இருமல் போகாது.

1882-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய டாக்டர் இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று மெய்ப்பித்துக் காட்டினார். நோயாளி இருமும்போது அது காற்றில் கலந்து அடுத்தவர் நெஞ்சுக்குள் போகிறது. பிராமணன் நெஞ்சு, பறையன் நெஞ்சு என்று அந்தக் கிருமி பார்ப்பதில்லை. ஆனால் நெருக்கமான வீட்டையும், காற்றோட்டமில்லாத அறையையும், பசித்த வயிற்றையும் நன்றாகப் பார்க்கிறது.

காரணம் தெரிந்த பிறகும் வெகுகாலம் மருந்து இல்லை. பணக்காரர்கள் மலைக்குப் போய்க் குளிர்ந்த காற்றைச் சுவாசித்து, பாலும் முட்டையும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். அதற்கென்றே சானடோரியங்கள் கட்டினார்கள். தாம்பரத்தில் 1928-ல் டாக்டர் சவரிமுத்து ஒன்று தொடங்கினார். மலைக்காற்றே மருந்து என்றால், தோழர்களே, மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற இந்த ஊரில் ஒருவருக்கும் காசம் வரக்கூடாதல்லவா? இங்கே இருமுகிறவர்களே இல்லையா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்.

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-ல் ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. மருந்து வந்துவிட்டது, ஆனால் அதைச் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று பெரிய டாக்டர்களெல்லாம் எண்ணினார்கள். நம் தேசத்திலோ நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். அப்படியானால் படுக்கை கிடைக்காத ஏழை சாகவேண்டியதுதானா?

இந்தக் கேள்விக்கு விடை சென்னையில் கிடைத்தது. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து அதை நடத்தின. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 160 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, சீட்டுப்போட்டாற்போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம்: நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சு. மற்றப் பாதிக்கு அவரவர் குடிசை, அவரவர் கஞ்சி. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். முடிவில் கிருமி ஒழிந்து குணமானவர்கள் சானடோரியத்தில் 100-க்கு 92, வீட்டில் 100-க்கு 86. வித்தியாசம் பெரிதல்ல என்று கண்டு 1959-ல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்னமேயே தொற்றவேண்டியது தொற்றிவிடுகிறது என்றும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் காச நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்துவது வழக்கமாயிற்று.

இதில் எனக்குப் பிடித்தது முடிவைவிட அந்த முறைதான். எந்த ரிஷி சொன்னார், எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. பெரிய டாக்டர்களின் அபிப்பிராயத்தையே சோதனையில் வைத்துப் பார்த்தார்கள்.

அப்படியானால் சோறு வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. குணமாவதற்கு முதலில் வேண்டியது மருந்து. ஆனால் நோய் வராமலிருப்பதற்கு? அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நான்கு ஜில்லாக்களில் 2,800 நோயாளிகளையும், அவர்கள் வீட்டிலுள்ள 10,345 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டிலுள்ளவர்களில் ஒரு பகுதியாருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1½ கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான்! அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 100-க்கு 39 முதல் 48 வரை குறைந்துபோயிற்று. 2023-ல் இது வெளிவந்தது. அரிசியும் பருப்பும் பாதியளவு தடுக்கிற ஒரு வியாதியைக் கர்மபலன் என்று சொல்லுவது யாருக்கு லாபம்? கூலியை உயர்த்திக் கேட்கவேண்டிய இடத்தில் விதியை நொந்துகொள்ளச் சொன்னவனுக்குத்தான் லாபம்.

நிற்க, மருந்து விஷயம். இப்போது ஆறே மாதம்தான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாம். சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் நம்மவர்கள் செய்கிற காரியம் என்ன? இரண்டாம் மாதம் இருமல் நின்று, உடம்பு தேறியவுடன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தோட்டத்தில் களைக்கு மருந்தடித்து ஒழுங்காக முடிக்காமல் விட்டால் தாக்குப்பிடித்த களைதானே பிறகு பரவும்? நெஞ்சிலும் அப்படியே. அந்தக் கிருமி பழைய மருந்துக்கு மசியாது.

அப்படி மசியாத நோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு வருஷம் மருந்து, மாதக்கணக்கில் ஊசி. அந்த ஊசியால் காது கேளாமல் போனவர்கள் பலர். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின் என்ற புது மருந்து வந்தபின் ஊசி தேவையில்லாமற் போயிற்று. அதோடு மூன்று மருந்து சேர்த்து ஆறு மாதத்தில் முடிக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனம் 2022-லும் நம் சர்க்கார் 2024-லும் ஏற்றன. பெடாகுவிலினை உண்டாக்கிய கம்பெனி தன் ஏகபோக உரிமையை இன்னும் நீட்டித்துத் தரும்படி கேட்டது. அதை ஆட்சேபித்தவர்கள் காசநோய் மருந்தால் காது இழந்த இரண்டு பெண்கள்: நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. 2023 மார்ச்சில் இந்தியப் பேட்டன்ட் ஆபீஸ் கம்பெனியின் மனுவைத் தள்ளிவிட்டது.

இவ்வளவு இருந்தும் 2023-ல் உலகத்தில் இந்த நோயால் செத்தவர்கள் சுமார் 12½ லட்சம் பேர். நோய் கண்டவர்களில் நாலில் ஒருவர் இந்த நாட்டுக்காரர். மருந்து இல்லாமையால் அல்ல. மறைப்பதாலும், பாதியில் நிறுத்துவதாலும், பசியாலுமே பெரும்பாலும்.

மறைப்பது ஏன்? வெளியில் தெரிந்தால் தட்டையும் தம்ளரையும் பிரித்துவைத்து விடுவார்கள். தம்ளரைப் பிரிப்பது இந்த நாட்டுக்குப் பழகிப்போன வித்தையல்லவா! தட்டிலும் தம்ளரிலும் இந்நோய் தொற்றாது; இருமும் காற்றில்தான் தொற்றும். அதுவும் சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். புருஷனுக்கு வந்தால் மனைவி பணிவிடை செய்கிறாள். மனைவிக்கு வந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கிறார்கள். இந்த வழக்கத்துக்கு மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்காது. நீங்கள்தான் செய்யவேண்டும்.

சின்னமனூர் போய்வர ஒருநாள் கூலி போகுமே என்று சொல்லுவீர்கள். நியாயந்தான். ஆனால் முதல் சோதனைக்கு ஆள் போகவேண்டியதில்லை. சளி போனால் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திரக் காய்ச்சல், எடை குறைதல் உள்ளவர்கள் கிராம நர்சம்மாவிடம் டப்பா வாங்கி, காலையில் இருமியெடுத்த சளியை மூடிக் கொடுங்கள். இப்போதுள்ள இயந்திரம் இரண்டொரு மணி நேரத்தில் கிருமி உண்டா, மருந்துக்கு மசியுமா என்று சொல்லிவிடுகிறது. தேயிலைச் சிப்பம் ஏற்றிக்கொண்டு தினமும் கீழே இறங்குகிற லாரியில் அந்த டப்பாவையும் அனுப்ப ஏற்பாடு செய்யும்படி மானேஜரிடம் எழுதிக் கேட்க ஒரு மனு கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுங்கள். தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம்.