மெழுகு வார்ப்பும் தாய்மொழியும்

(புதுக்கோட்டையில் தொழிற்பயிலக மாணவரிடையே ஆற்றிய உரை)



திருக்கோகரணத்து அருங்காட்சியகத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொண்டைமான் ஆட்சியில் 1910ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது அது. அங்குள்ள செப்புத் திருமேனிகளின்முன் நின்று 'என்ன அழகு!' என்று வியக்கிறோம், 'எவ்வாறு செய்தான்?' என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால், நும் வகுப்பறையில் 'இன்வெசுட்மெண்ட் காசுட்டிங்' என்று ஓதப்பெறும் பாடத்தின் பாதியை அங்கேயே கற்றிருப்பீர்கள்.

குடந்தையை அடுத்த சாமிமலையில் அத்தொழில் இன்றும் நடக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, உருவை முதலில் மெழுகில் சமைக்கின்றனர். அதன்மேல் காவிரி வண்டலை நுண்ணிதாகக் குழைத்து முதற்பூச்சு. அஃது உலர்ந்தபின் பருமண் கட்டு. சூளையில் இட்டதும் மெழுகு உருகி ஓடிவிட, உருவின் வெற்றிடம் மண்ணுக்குள் நிற்கும். அதனுள் மாழைக் குழம்பை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுப்பர். வடநூலார் இதற்கு 'மதூச்சிட்ட விதானம்' என்று பெயரிட்டு வைத்தனர். சூளையடியில் நிற்பவனோ மெழுகு என்றே சொல்கிறான்!

மெழுகை நிறுத்தே மாழையின் அளவைக் கணிக்கும் அவன் கணக்கைப் பாருங்கள். வெண்கலமாயின் மெழுகின் எடைக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அதே கணக்கில் அலுமினியத்திற்கு மூன்று மடங்கும் வேண்டா.

மேலைநாட்டில் 1907இல் தாகர்ட்டு என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் பொன்னால் பல்லடைக்க இம்முறையைக் கையாண்டார். இரண்டாம் உலகப் போரில் வானூர்திப் பொறியின் அலகுகளை வார்க்க அது பெருந்தொழிலாயிற்று. இன்று மெழுகுப் படிவங்களை அச்சில் வார்த்து, மெழுகுத் தண்டொன்றில் வாழைத்தார்போல் ஒட்டுகின்றனர். வண்டலுக்கு மாற்றாகச் சிலிக்காக் கூழில் தோய்த்து, மணல் தூவி, உலர்த்தி, இவ்வாறே ஆறேழு முறை ஓடு கட்டுகின்றனர். அழுத்த நீராவியால் மெழுகை வடித்து, ஓட்டைச் சுட்டு, மாழையை ஊற்றுகின்றனர். நெறி பழைய நெறியே.

அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கே. செம்பு உருக 1,085 பாகை செல்சியசு வேண்டும். இதற்கு 660 போதும். எளிதென்று எண்ணிவிடாதீர்கள். இதன் பெரும்பகை ஈரம். நீர் பட்டால் அதிலுள்ள நீரகவளி குழம்பில் கரைந்துகொள்ளும். குழம்பு உறையும்போது இடமின்றி வெளிப்பட்டு, வார்ப்பெங்கும் ஊசித் துளைகளை விட்டுச்செல்லும். வெளியே பளபளக்கும் உறுப்பு உள்ளே புழுத்த பலகையாய் இருக்கும்! ஆதலால் ஊற்றுமுன் ஆர்கன் வளியைக் குழம்பினூடே செலுத்தி நீரகத்தை வெளியேற்றுவர். உறையுங்கால் குழம்பு நூற்றுக்கு ஆறளவு சுருங்குவதால், அக்குறையை நிரப்ப ஊட்டுவாயும் வைத்தல் வேண்டும்.

ஈரம் வார்ப்பை மட்டும் கெடுப்பதில்லை. நனைந்த கரண்டியைக் குழம்பில் விட்டால் நீர் நொடியில் ஆவியாகி வெடித்து, குழம்பை முகத்தில் வாரி இறைக்கும். வேறொரு மாவட்டத்தில் யான் கண்ட சிறு வார்ப்பாலையில் இவ்வெச்சரிக்கையைப் பெரிய பலகையில் எழுதியே வைத்திருந்தனர். எழுதியது ஆங்கிலத்தில்! உலைமுன் நின்ற நால்வருள் ஒருவர்க்கும் அது விளங்கவில்லை. 'இங்கே நிற்காதே என்று எழுதியிருக்கும்' என்றார் ஒருவர். உயிரைக் காக்கும் சொல்லையே அயல்மொழியில் பூட்டி வைப்பது எவ்வளவு கொடுமை!

நம் மாவட்டத்திலேயே மாத்தூர்த் தொழிற்பேட்டை இருக்கிறது. விராலிமலையில் சன்மார் நிறுவனத்தார் நிறுவிய எஃகு வார்ப்பாலை இருக்கிறது. நாளை நீங்கள் உலைமுன் நிற்கப் போகிறவர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது, நன்று. ஆனால் பட்டம் பெறாத கைகளே உலையைத் தொடுகின்றன. அவற்றுக்குரிய நூல் எங்கே?

'தமிழில் சொல் உண்டா?' என்பர். கரு, படிவம், கொத்து, ஓடு, ஊற்றுவாய், ஊட்டுவாய், ஊசித்துளை: இவற்றுள் எது விளங்கவில்லை? நும் பட்டறைக் கருவிகளுக்கு மூத்த தொழிலாளர் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதி வாருங்கள். அதுவரை காத்திராமல் ஒரு பலகையை இன்றே எழுதி உலையருகில் மாட்டலாம்: 'ஈரக் கருவி உலைக்கு ஆகாது. சூடேற்றி உலர்த்திய பின்னரே குழம்பில் இடுக.'