சுவரில் மாட்டிய கொள்கையும் தரையில் விரித்த கம்பளமும்



அட்லாண்டாவில் நம்மில் பலருக்குச் சோறு போடுபவை பெரிய நிறுவனங்கள். அவற்றின் வரவேற்பறைகளில் சுற்றுச்சூழல் கொள்கையைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அந்தத் தாளுக்கு எப்போது உயிர் வருகிறது?

இதே ஜார்ஜியாவில், லாக்ரேஞ்ச் ஊரில், 1973இல் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார் ரே ஆண்டர்சன். அலுவலகத் தரையில் பதிக்கும் சதுரக் கம்பளத் துண்டுகள்தான் சரக்கு. பெட்ரோலியத்திலிருந்து வரும் நைலான்தான் மூலப்பொருள். 1994இல், சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அவரிடம் பதில் இல்லை. சூழலியல் எழுத்தாளர் பால் ஹாக்கனின் நூல் ஒன்றைப் படித்தவர், தன் தொழிலே பூமியைக் கொள்ளையடிக்கிறது என்று உணர்ந்தார். 2020க்குள் கேடு விளைவிக்காத நிறுவனமாக மாறுவோம் என்று இலக்கு வைத்தார்.

முதலாளி சொன்னால் மட்டும் போதுமா? எங்கே வீணாகிறது என்று ஆலையில் வேலை பார்ப்பவர்களிடமே யோசனை கேட்டார்கள். வடிவமைப்பாளர்கள் காட்டுத் தரையைப் பார்த்தார்கள். உதிர்ந்த இலைகள் எப்படிக் கிடந்தாலும் அழகு. அதேபோல, எந்தத் துண்டை எப்படித் திருப்பிப் பதித்தாலும் பொருந்தும் கம்பளம் பிறந்தது, கழிவு குறைந்தது. 2011இல் ஆண்டர்சன் மறைந்தார். வேலை நிற்கவில்லை. 2019இல் இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஒருவரின் உறுதி அதற்குள் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது.

கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனிலும் இப்படிக் கொள்கைகள் இருந்தன. ஆனால் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1.1 கோடி டீசல் வண்டிகளில் இருந்தது 2015இல் அம்பலமானது. சாலையில் அவை அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கின. விதிமீறலைப் பொறுத்துக்கொள்ளும் மனப்போக்கு சில பிரிவுகளில் இருந்ததை அதன் மேற்பார்வைக் குழுத் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

உறவுகளே, இப்படித் தவறைக் கண்டாலும் விசாவும் வீட்டுக் கடனும் நம் வாயைக் கட்டிப்போடுவது எனக்குத் தெரியும். அதனால்தான் மேலாளர்களாக உயர்ந்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் குழுவில் சேர்ந்த இளையவர் 'இந்தக் கணக்கு சரியில்லை' என்றால், உட்காரவைத்துக் கேளுங்கள். அப்படிச் சொன்னதற்காக அவருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்குக் குடிநீர் தரும் சட்டஹூச்சி ஆறு, நம்மைத் தாண்டி லாக்ரேஞ்ச் பக்கமாகத்தான் ஓடுகிறது. கீழே இருப்பவர்களுக்கும் அதே தண்ணீர்தான். அதை நினைவில் வைத்து நாளை மறுபடி வேலைக்குப் போவோம்.