தாதி மகளுக்கு இன்னுமொரு பரீட்சை

(தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு களைப்போடு வந்திருக்கிறீங்க. நீட்டாமல் பேசுகிறேன்.

நம்ம மேல் டிவிசன் லயத்தில் பிறந்த பிள்ளை ஒன்று தாதியாகப் படித்து, அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் நகரத்திலே வேலை செய்யுது. லீவுக்கு வந்தபோது என்னிடம் சொன்னது: "சேர், பிரஜாவுரிமைப் பரீட்சையிலே 20க்கு 18 எடுத்தும் பெயில்."

எனக்கும் விளங்கவில்லை. பிறகு விளக்கிச் சொன்னது. 45 நிமிஷத்தில் 20 கேள்வி. கம்ப்யூட்டரிலே, ஆங்கிலத்திலே, சரியான விடையைத் தெரிவு செய்யணும். 15 சரியானால் போதும். ஆனால் அதிலே 5 கேள்வி அந்த நாட்டின் விழுமியங்களைப் பற்றியது: ஆண் பெண் சமம், விரும்பிய மதத்தைப் பின்பற்றும் சுதந்திரம், சட்டத்துக்கு எல்லாரும் கட்டுப்படுவது போன்றவை. 2020 நவம்பரில் இருந்து இந்த ஐந்தும் சரியாக இருக்கணும். ஒன்று பிழைத்தாலும் பெயில்தான். இந்தப் பிள்ளை அதிலேதான் ஒன்றை விட்டது.

"வார்டிலே ஆங்கிலம் பேசுறேன்தானே, இது என்ன பெரிசு என்று புத்தகத்தை மேலோட்டமாகப் பார்த்தேன் சேர்" என்றது. ஊசி போடத் தெரிந்ததும் மருந்தின் பெயர் தெரிந்ததும் இங்கே உதவாது. அந்த நாடு எப்படி நடக்குது என்பதைத்தான் கேட்கிறார்கள். 1901 ஜனவரி 1இல் என்ன நடந்தது? ஆறு குடியேற்ற நாடுகள் ஒரே நாடாகச் சேர்ந்தன. ஏப்ரல் 25 என்ன நாள்? அன்சாக் நாள், போரில் இறந்தவர்களை நினைக்கிற நாள். இப்படித்தான் கேள்வி வரும்.

இதற்கென்று அரசாங்கமே ஒரு புத்தகம் வைத்திருக்கிறது, காசில்லை. பரீட்சைக்கு உரிய பகுதி எது, சும்மா வாசிக்கிற பகுதி எது என்று அதிலேயே பிரித்துக் காட்டியிருக்கும். நைட் டியூட்டி முடிந்து ரயிலிலே வரும்போது தினம் சில பக்கம் வாசித்து, வீட்டுக்கு வந்து பக்கத்து அறைத் தோழியைக் கேள்வி கேட்கச் சொல்லி, பிள்ளை இரண்டாம் தடவை பாஸ் பண்ணியது. பெயிலானால் திரும்ப எழுதலாம், வெட்கப்படத் தேவையில்லை.

பாஸ் பண்ணியதோடு பிரஜையாகிவிட முடியாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வைபவத்திலே உறுதிமொழி எடுத்த பிறகுதான் ஆகலாம்.

இங்கே உள்ள பெற்றோருக்கு இரண்டு வேலை இருக்கு.

ஒன்று, கடதாசி. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று நம்ம தோட்டத்திலே எத்தனை பிள்ளைகள்! தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வெளிநாட்டிலே தடங்கல் வரும். பிள்ளை இங்கே இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்துங்கள். விண்ணப்பம் நிரப்ப நான் உதவி செய்கிறேன்.

மற்றது, வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகப் போய்விடும். இரண்டும் வேணுமென்றால் இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கணும். உறுதிமொழி எடுக்குமுன்பே விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன்? 1948ஆம் வருஷச் சட்டத்தாலே நம்ம ஆட்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டும் போனது. 1964 ஒப்பந்தத்தாலே ஒரே குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இலேதான் சட்டம் வந்தது. நம்ம பாட்டி, தாத்தா காத்திருந்து பெற்றதை, பிள்ளைகள் தெரியாமல் கைவிடக் கூடாது.

அவுஸ்திரேலியாவிலே 18 வயதான பிரஜைகள் ஓட்டுப் போடுவது கட்டாயம். அந்தப் பிள்ளையின் பாட்டியிடம் அதைச் சொன்னேன். "எங்களுக்கு வேணும் வேணும் என்று கேட்டும் தரல்லை, அங்கே போடாட்டி தண்டமா?" என்று சிரித்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பிறப்புச் சாட்சிப் பத்திரங்களை எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.